இறுக்குச்சட்டை தைப்பவள்

காலி என்பது எங்கள் ஊரின் பெயர்.
கொழுப்பைக் காலி செய்யும் ஆஸ்பத்திரிகள்
எங்கள் தெருவில் மட்டும் ஏழு.
அவற்றில் ஒன்றின் பின்வாசலுக்கு எதிரே,
பல் வைத்தியருக்கு மேல்மாடியில்,
நானும் மூன்று தையல் மெஷின்களும்.

கொழுப்பு உறிஞ்சிய உடம்பை
வாரக்கணக்கில் கவ்விப் பிடிக்கும் சட்டை.
கொக்கி மூன்று வரிசை.
முதலில் வெளி வரிசை,
வீக்கம் வற்ற வற்ற உள்வரிசை.

பதினெட்டு வருஷத்தில் முகங்கள் தங்கவில்லை.
இடுப்புகள் தங்கின.

சட்டையை இன்னும் பிடித்துத் தரச்சொல்லி
மூன்று தடவை வந்தாள் ஒருத்தி.
கண்ணாடி முன் திரும்பித் திரும்பிச் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பில் பொய் இல்லை,
அதையும் சொல்லியாக வேண்டும்.
இன்னொருத்தியின் வயிறு
இஸ்திரி போடாத துணிபோல் மேடும் பள்ளமும்.
இறுக்கினால் சமமாகுமா என்று கேட்டாள்.
எனக்குத் துணியைப் பற்றித்தான் தெரியும் என்றேன்.

ஆணியில் ஒன்று தொங்குகிறது, நான்கு வருஷமாய்.
தோல் நிறம், எம் சைஸ்,
மரியேலா ஒஸ்ஸா என்று பேப்பர் குத்தியது.
முன்பணம் கொடுத்தாள். வாங்க வரவில்லை.
போனை எடுக்கவில்லை.
எதிரே போய்க் கேட்டிருக்கலாம்.
தெருவைக் கடக்க இருபது தப்படி.
கேட்கவில்லை.

இந்த மாதம் சீட்டு எனக்கு விழுந்தது.
"பண்ணிக்கொள் நோரல்பா,
உனக்குச் சட்டையாவது மிச்சம்" என்றாள் லூஸ் தாரி.

டாக்டர் எசெவெர்ரி பச்சைப் பேனாவால் வரைந்தார்.
அவர் வட்டம் என் சாக்கட்டி வட்டத்தைவிடக் கோணல்.
படிவத்தில் ஒரு கேள்வி:
என்ன எதிர்பார்க்கிறீர்கள்?
நான்கு கோடு விட்டிருந்தார்கள். நான் எழுதியது:
குனிந்து குண்டூசி பொறுக்கும்போது
வயிறு எனக்கு முன்னால் போகக் கூடாது.

படித்தார். படுக்கச் சொன்னார்.
தலையை மட்டும் தூக்கச் சொன்னார்.
நடுவயிற்றில் அவருடைய மூன்று விரல்
சட்டைப்பைக்குள் இறங்குவதுபோல் இறங்கியது.
"இரட்டைப் பிள்ளைகளா?"
"ஆமாம். பத்தொன்பது வயதாகிறது."
"இது கொழுப்பில்லை. தசை விலகியிருக்கிறது.
என் குழாய் தோலுக்கும் தசைக்கும் நடுவில்தான் போகும்.
தாண்டிப் போனால் போலீஸ்தான் வரும்."
பிறகு பக்கவாட்டில் கிள்ளினார்.
"இந்த இரண்டு கைப்பிடிகளை எடுக்கலாம்.
எடை குறையும் என்று வராதீர்கள், குறையாது.
சிகரெட்?"
"நாளுக்கு இரண்டு. பால்கனியில்."
"விட்டுவிட்டு வாருங்கள். ஆறு வாரம் கழித்துப் பேசுவோம்."

உள்ளே தையல் விட்டிருக்கிறது,
தையல்காரிக்குத் தெரியாமல்.
அதை மூட வேறு ஆபரேஷன், வேறு பணம், நீளமான வடு.
கைப்பிடிகளைப் பற்றியோ
இதுவரை நான் கவலைப்பட்டதே இல்லை.
படியிறங்கும்போது பட ஆரம்பித்தேன்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றது ஓர் இடுப்பு.
தொண்ணூற்று ஒன்று. இடது பக்கம் துளி ஏற்றம்.
தெரிந்த இடுப்பு.
கைப்பையில் இரண்டு அன்னாசி,
போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள்.
மரியேலா, என்று நாக்கு நுனிவரை வந்தது.
இல்லையென்று அவள் திரும்பிவிட்டால்?
ஆணியில் தொங்குவதை அப்புறம்
எப்படிப் பார்ப்பேன்?
என் நிறுத்தம் வந்தது, இறங்கினேன்.

சீட்டை லூஸ் தாரிக்கு மாற்றிவிட்டேன்.
டிசம்பர் முறை எனக்கு.
அதற்குள் ஆறு வாரம் மூன்று தடவை வரும்.

சாயங்காலம் கரும்புக் காட்டைக் கொளுத்தினார்கள்.
பால்கனியெங்கும் கரித்தூள்.
சிகரெட் இல்லாமல் நின்றேன்,
ஆனாலும் விரலில் கறுப்பு.
பச்சைக் கோடு குளித்தும் போகவில்லை.
பழக்கதோஷம், அதன்மேல் நாடாவைச் சுற்றினேன்.
அளவு நோட்டில் எழுதினேன்: நோரல்பா.
எதிரே உள்ள கட்டத்தில்
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.